அகராதி மேடமும் இன்டர்டெம்ப்ளேட்டும்

அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். நேரில் பேசும்போது மட்டும் பின்னால் ஒரு 'மேடம்' ஒட்டிக்கொள்ளும். வெப்சைட் கட்ட உதவும் ஒரு ஃப்ரேம்வொர்க்கைத் தயாரிக்கும் கம்பெனி அது. அதைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லும், கம்பெனி வெப்சைட்டிலுள்ள நானூறு பக்கங்களைத் திருத்துவது அவள் வேலை. ஒரே பொருளை ஒருவர் 'வியூ' என்றும், ஒருவர் 'ஸ்கிரீன்' என்றும், இன்னொருவர் 'டெம்ப்ளேட்' என்றும் எழுதி வைத்திருந்தார்கள். படித்தவர்களோ இல்லாத இரண்டைத் தேடி அலைந்துவிட்டு, கம்பெனிக்குக் கடிதம் போட்டார்கள்.

"பேர்ல என்ன மேடம் இருக்கு? புரிஞ்சா சரி" என்றார் தலைமை புரோகிராமர்.

"உப்புன்னு எழுதின டப்பாவுல உங்க வீட்டுல சர்க்கரை போட்டு வைப்பீங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். 'டெம்ப்ளேட்' மட்டும் போதும் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மாலை, 'வியூ' என்றோ 'ஸ்கிரீன்' என்றோ வரும் இடத்திலெல்லாம் 'டெம்ப்ளேட்' போடும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். "ஒரே அமுக்கு, மொத்தமும் முடிஞ்சுது" என்று கணவனிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வரவேற்பறையிலிருந்து போன். "மேடம், ஒருத்தர் இன்டர்டெம்ப்ளேட்டுக்கு வந்திருக்கேங்கிறாரு. எந்த ரூமுக்கு அனுப்பட்டும்?"

அவள் அவசரமாக வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். வேலைவாய்ப்பு அறிவிப்பும் அதே வெப்சைட்டில்தான் இருந்தது. 'இன்டர்வியூ'வின் வாலையும் கம்ப்யூட்டர் விட்டுவைக்கவில்லை. 'ரிவியூ'வெல்லாம் 'ரிடெம்ப்ளேட்' ஆகியிருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பது சும்மாவா?

ஓடிப்போய் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்ல மேடம். புதுசா ஏதோ பரீட்சைன்னு நினைச்சு ரெண்டு நாளா அதுக்குப் படிக்கத் தேடினேன். எங்கயுமே கிடைக்கல."

அவள் பழைய பக்கங்களை மீட்டெடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்த உட்கார்ந்தாள். கேலி செய்ய வந்த தலைமை புரோகிராமர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, இருநூறாவது பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அங்கே 'ஸ்கிரீன்' என்று இருந்தது உண்மையிலேயே வேறு பொருள்.

"இது டெம்ப்ளேட் இல்ல மேடம். நானே இவ்வளவு நாளா குழப்பியிருக்கேன்."

"அப்போ இதுக்குத் தனிப்பேர் வேணும் சார்."

இருவரும் சேர்ந்து பதினொரு நாளில் முடித்தார்கள். குழம்பிப்போய் வரும் கடிதங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. இப்போதெல்லாம் எதைப் புதிதாகச் செய்தாலும், குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறவர் போல அவர் அவள் மேஜைக்கு வந்து நிற்கிறார்.

"இதுக்கு என்ன பேரு வைக்கலாம் மேடம்?"

"முதல்ல அது என்ன வேலை செய்யும்னு சொல்லுங்க சார்" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.