உப்புத் தொட்டி பெர்னடின்

"கையில என்ன, கோக் பாட்டிலா? அத வாசல்லயே வெச்சுட்டு வா, கண்ணு. பூட்ஸ்ல பனி இருக்கு பாரு, உதறு. அந்தக் காலும்தான்."

ஃபவுண்டரி முதலாளி ஹார்லன் ஒற்றைக் காலில் தள்ளாடியபடி பூட்ஸை உதறுகிறார். பெர்னடின் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்த பிறகுதான் வழிவிடுகிறாள். அவளுடைய தொட்டியில் இருப்பது உருகிய உப்பு. பார்வைக்கு வடிகட்டிய தேநீர் மாதிரி சாதுவாகத்தான் இருக்கும். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே விழுந்தால் போதும், மொத்தமும் வெடித்துச் சிதறும். "முதலாளின்னா உப்புக்குத் தெரியுமா?" என்பாள், ஹார்லன் முகத்துக்கு நேராகவே.

கலப்பைக் கொழு, லாரி பாகம், பல்சக்கரம் என்று எங்கள் ஆலையில் வார்க்கிற இரும்பெல்லாம் பதம் ஏற அவளிடம்தான் போக வேண்டும். உலையில் ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ந்ததும் கூடையோடு தூக்கி, காற்றுப் பட்டு ஆறுவதற்குள் உப்பில் இறக்குவாள். அதுவரைதான் ஓட்டம். பிறகு வெறும் காத்திருப்பு. உப்பின் சூட்டிலேயே கிடந்து இரும்பு உள்ளுக்குள் மாறுகிறது; சரியாக மாறிவிட்டால் எளிதில் தேயாது, எளிதில் உடையவும் உடையாது. அவள் சொல்வது வேறு மாதிரி இருக்கும். "உலையில அதுக்கு எல்லாம் மறந்து போயிடும். உப்புலதான் மறுபடி யோசிக்குது. யோசிக்கறவன பாதில எழுப்பினா என்ன ஆகும்?"

இதைச் சொல்கிறவள்தான் விஸ்கான்சினின் இந்த மூலையிலேயே பொறுமை இல்லாதவள். அடுத்தவர் பேச்சை இவளே முடித்து வைப்பாள். ஞாயிறு பூசையில் பாதிரியார் கடைசி ஆசி சொல்லும்போது வெளியே இவள் வண்டி உறுமும். வீட்டில் சமையல் கணவர் ரோமன்தான். இவள் கேக் சுட்டால் மேலே கரி, உள்ளே பச்சை மாவு. "அது எப்ப வேகும்னு யாரு உக்காந்து பாக்கறது!" தொட்டியருகே மட்டும், வெள்ளரி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு, ரேடியோவில் பேஸ்பால் கேட்டபடி, முக்காலியை விட்டு அசையமாட்டாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். இன்னும் எனக்கு வேறு யாரையோ பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

அவளுடைய அக்கா லொரெட்டா பால்பண்ணை வைத்திருக்கிறாள். கோடையில் டிராக்டர் இழுவைப் போட்டிகளில் ஓட்டுவாள். போகப் போகப் பாரம் ஏறுகிற சறுக்குவண்டியை யார் அதிக தூரம் இழுக்கிறார்கள் என்பது போட்டி. போன ஆகஸ்டில், எங்கள் ஊர்க் கண்காட்சியில் நடக்கும் போட்டிக்குச் சில நாள் முன்னால், அவள் டிராக்டரின் பின்னச்சுப் பல்சக்கரம் நொறுங்கிப்போனது. புதிதாக வார்த்து, பல் வெட்டி, போட்டி நாளன்றுதான் பெர்னடினிடம் வந்தது. சனிக்கிழமை, ஆலை விடுமுறை. ஹார்லன் சாவியைக் கொடுத்தார். தொட்டியருகே யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்பதால் நான் துணைக்குப் போனேன்.

சக்கரம் உப்பில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹாரன். அப்புறம் லொரெட்டாவே உள்ளே வந்தாள்.

"எடுடீ பெர்னி, போதும். இதக் கொண்டுபோய் மாட்ட வேணாமா?"

"இன்னும் ஆகல."

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"ஆகற வரைக்கும். இப்ப எடுத்தா ஆறும்போது பாதி கண்ணாடி மாதிரி உடையற பதமா போயிடும்."

லொரெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "அம்மாவோட கடைசி நாள்ல உன்னால ஒரு நாற்காலில உக்கார முடியல. ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்துக்கிட்டே கெடந்த. இன்னிக்கு ஒரு சக்கரத்துக்காக இப்படி உக்காந்திருக்க!"

பெர்னடினின் முகம் சிவந்துபோனது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அங்க என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல, லோரி," என்றாள் கடைசியில். "இங்க தெரியும்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. வண்டி போகிற சத்தம் கேட்டது. பெர்னடின் ரேடியோவை அணைத்தாள்.

வெகுநேரம் கழித்து என்னிடம் சொன்னாள்: "கை எடு எடுன்னுதான் துடிக்குது. ஆனா அது உடைஞ்சா போட்டி மட்டுமா போகும்? அவ உக்காந்திருக்கறது அதுக்கு மேலதான்."

நேரம் ஆனதும் கூடையைத் தூக்கினோம். சக்கரத்தை ஆறவிட்டு, கழுவி, கடினம் அளக்கும் கருவியை ஓரத்தில் ஒரு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். நினைத்த எண்ணே வந்தது. யாரிடம் சொல்வது? கண்காட்சித் திடலில் லொரெட்டாவின் முறை தாண்டிவிட்டிருந்தது. ஊரே தங்கையைப் பேசியது. "சொந்த அக்காவுக்கே செய்யல" என்று கடை வாசலில் என் காதுபடவே சொன்னார்கள். சக்கரத்தை ரோமன்தான் பண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். லொரெட்டா வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். பெர்னடின் தொலைபேசியை எடுப்பாள், வைப்பாள்.

செப்டம்பரில் பக்கத்து மாவட்டத்தில் போட்டி. என்னையும் இழுத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்றாள் பெர்னடின். லொரெட்டாவின் டிராக்டர், உள்ளே அந்தச் சக்கரத்தோடு, கிளம்பியது. பாரம் ஏற ஏற முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. கரும்புகை வானத்துக்குப் போனது. பின்னச்சிலிருந்து ஒரு முனகல் வந்தது. பெர்னடின் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மறுநாள்வரை வலி இருந்தது. முனகல் அடங்கவில்லை, உயரவும் இல்லை. டிராக்டர் தடத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. அன்று அதுவரை யாரும் அங்கே வந்திருக்கவில்லை.

கூட்டம் ஓடிப்போய் டிராக்டரைச் சூழ்ந்தது. லொரெட்டா இறங்கி, எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேராக வேலிக்கு வந்தாள். மசகு அப்பிய இரண்டு கைகளாலும் தங்கையின் முகத்தைப் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு கன்னத்திலும் பத்து விரல்களின் கறுப்பு அச்சு. பீர் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பெர்னடின் வேண்டாம் என்று தலையசைத்து, சட்டைக் காலரின் பித்தானைக் கழற்றி, அது கன்னத்தில் உரசாதபடி கீழே மடித்துவிட்டுக்கொண்டாள்.