தோட்டா போன வழி

ஏலக்காய்ச் செடியின் இலையில் இருந்த ரத்தத்தை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார் ஸ்டான்லி. முகம் சுளித்தது. விடியற்காலையில் அவர் சுட்ட காட்டுப்பன்றி விழாமல் ஓடியிருந்தது. "குடல்ல பட்டுருக்கு. இன்னைக்குப் பொழுது இதுக்கே சரியாப் போச்சு" என்று அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

போடியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது, முழங்கால் வலி வேறு. உரிமத்தோடு துப்பாக்கி இருப்பதால், பன்றி செடியைத் தோண்டிப் போட்டால் கேரளப் பக்கத்து மலைத்தோட்டத்துக்காரர்கள் பஞ்சாயத்து அனுமதியை வாங்கிக்கொண்டு இவரைத்தான் கூப்பிடுவார்கள். சலித்துக்கொண்டேதான் வருவார். பன்றிக்கறியைத் தொடமாட்டார். "சுட்டேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை, "விட்டேன்" என்பார்.

கல்லில் உட்காருவதும் வழக்கம்தான். அடிபட்டதை உடனே விரட்டினால் ஓடும்; விட்டுவைத்தால் எங்காவது படுத்துவிடும். இந்தக் காத்திருப்பு யாருக்குப் புரிகிறது? வெடிச் சத்தம் கேட்டால் காரியம் முடிந்தது என்பதுதான் மலையில் எல்லோருடைய எண்ணமும். காயெடுக்க வந்த பெண்கள் மேலே கேட்டருகே ஜீப்பில் காத்திருந்தார்கள். அவர்களில் செல்லக்கிளி பொறுக்கமாட்டாமல் இறங்கியே வந்துவிட்டார்.

"வெடிச் சத்தம் கேட்டுச்சுல்லண்ணே? வெரசா விடுங்க, காட்டுக்குள்ள எறங்கணும்."

"ஆத்தா, அது செடிக்குள்ள உசுரோட கெடக்கு. குனிஞ்சு காயெடுக்கறப்ப தொடையக் கிழிச்சுரும். போய் ஜீப்புல உக்காரு."

தோட்டத்துக்காரர் ஈஸ்வரனுக்கு ஆறவில்லை. புதுத் தோட்டா, பழையதைவிட விசை கூட என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. "இம்புட்டு விசையும் எங்கண்ணே போச்சு?"

"மண்ணுக்குள்ள போச்சு, மாப்ளே. பெட்டில போட்டுருக்கது குழாய விட்டு வெளிய வர்றப்ப உள்ள விசை. பழசு மூக்கு மெத்துன்னு இருக்கும், உள்ள போயி விரியும். இது ஊசி கணக்கா அந்தப் பக்கம் போயிருச்சு. நானும் நம்பரப் பாத்து வாங்கிட்டேன். அதுலயும் குறி கொஞ்சம் பின்னால போயிருச்சு."

கடைசி வாக்கியத்தை மெல்லத்தான் சொன்னார். அவருக்குத் துணையாக வந்திருந்த எனக்குப் பாவமாக இருந்தது, பன்றிக்கும் சேர்த்து.

வெயில் ஏறியபின் எழுந்தார். துப்பாக்கியைத் தயாராகப் பிடித்தபடி செடி செடியாக விலக்கிக்கொண்டு போனார். நானும் ஈஸ்வரனும் பின்னால் போனோம். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கு வைக்கும் பாறைக்குப் பக்கத்திலேயே பன்றி கிடந்தது. மேலே ஜீப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். கம்பால் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. சுற்றிலும் மண்ணைக் காலால் கிளறி வைத்திருந்தது; சீக்கிரம் சாகவில்லை.

ஈஸ்வரனுக்கு முகம் மலர்ந்தது. "செத்துருச்சுல்லண்ணே! நம்ம தோட்டாவும் சும்மா இல்ல!"

ஸ்டான்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டா வெளியேறிய துளை சுண்டுவிரல் நுழையும் அளவுதான். அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மறுகையை உயர்த்தி, ஜீப்பில் இருந்த பெண்களை வரச்சொல்லிச் சைகை செய்தார்.