சல்லடையின் பச்சை வண்டி

தண்ணீர் மீட்டர் சோதிக்கும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர் அவர். ஆட்கள் மீட்டரில் காந்தம் ஒட்டுவார்கள், ஊசி செருகுவார்கள், சிலர் மீட்டரையே திருப்பி மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல நிற்பார்கள். அவர் கண்ணில் எதுவும் தப்பாது. கூட வேலை பார்த்தவர்கள் 'சல்லடை' என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சலிப்பது நிற்கவில்லை. பால்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பார்; சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக யோசிப்பார்.

இந்தக் குணம் உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டதல்ல, அப்பா வழிச் சொத்து. அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். சரிசெய்த ஒவ்வொரு கடிகாரத்தின் பின்மூடிக்கு உள்பக்கமும் ஊசியால் ஒரு சின்ன வட்டம் கீறி, அதற்குள் மூன்று மணி காட்டும் ஒற்றை முள்ளையும் போடுவார். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வேறு கடிகாரத்தைக் கொண்டுவந்து, நீதான் கெடுத்தாய் என்று நிற்பார்களாம்.

அப்பாவிடம் ஒரு பச்சை நிறக் கார் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவர் மகளும் சல்லடையின் அக்காவும் ஒரே சடையில் பின்னப்பட்டவர்கள் மாதிரி திரிவார்கள். ஒருநாள் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டி வந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற பாகம் அது. கொடுப்பதற்கு முதல் நாள் அப்பா அதன் மூடியைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் உள்விளிம்பில் தன் குறியைக் கீறி வைத்தார். திரும்பி வந்ததும் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு மூடியைத் திறந்து பார்த்தார். குறி இல்லை.

"மாத்திட்டான்!"

மெக்கானிக் தன் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். என்ன குறி, எங்கே போட்டீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அப்பா சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே கீறிக்கொண்டு வந்துவிடுவானாம். இரண்டு மாதத்தில், இனி எவனையும் நம்பி இதைத் தொடவிட முடியாது என்று காரையே விற்றுவிட்டு, அதன் காகிதங்களையும் கோபத்தில் கொளுத்தினார். அக்கா அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றாயிற்று. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு.

போன வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்கப் போன சல்லடை, அதன் பின்கட்டில் ஒரு பழைய காரைப் பார்த்தார். சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகச் சிவப்படித்து வைத்திருந்தார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் வீட்டுச் சாவியால் கதவோரம் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் பச்சை. அதே பச்சை. உடனே, யாராவது வேண்டுமென்றே பச்சையை அடியில் அடித்து வைத்திருப்பார்களோ என்றும் தோன்றியது.

வண்டியை வாங்கி வேறொரு மெக்கானிக்கின் ஷெட்டில் சேர்த்தார். நம்பர் பிளேட் இல்லை, சரிபார்க்கக் காகிதமும் இல்லை. அப்பா வண்டி என்று நிச்சயமாகாமல் அக்காவை அதில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார். யாரோ ஒருவருடைய காரில் உட்கார்ந்து அக்கா கண்கலங்கினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

எட்டு மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலையைக் கண்காணித்தார். மெக்கானிக் சாப்பிடப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு பாகத்திலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்தார்.

பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் காலையில் தானே ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏன்டா, கார் ரெடியாகுதா, இல்ல நீ இங்கேயே குடிவந்துட்டியா?"

"இன்னும் உறுதியாகலக்கா."

"எது? போல்ட்டா?"

"நம்ம வண்டிதானான்னு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீங்களே கேளுங்கம்மா. வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி எங்க பாத்தாலும் சிவப்புப் புள்ளி. நான் என்ன, ராத்திரியில இஞ்சினைத் தூக்கிட்டா ஓடப் போறேன்?"

சல்லடை முகம் சுண்டிப் போனது. "எப்ப பாத்தீங்க?"

"முதல் நாளே பாத்தேன் சார். வயசானவர், பொழுது போகட்டும்னு விட்டேன். ஆனா இதையும் நீங்கதான் கிறுக்குனீங்களான்னு சொல்லுங்க." கார்புரேட்டரின் மூடியை நீட்டினார். "புது பேக்கிங் போடலாம்னு பழசைச் சுரண்டினேன். அடியில இருந்துச்சு."

பேக்கிங் என்பது மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கசியாமல் ஒட்டுகிற காகித வளையம். அது உரிந்த விளிம்பில் மயிரிழையாய் ஒரு வட்டம். உள்ளே ஒரு முள்.

அப்பா சரிசெய்து கொடுத்த பழைய கடிகாரத்தை அக்கா மணிக்கட்டிலிருந்து கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் கத்தி முனையால் பின்மூடியை நெம்பினார். இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே வட்டம், ஒரே முள், ஒரே மூன்று மணி.

"நம்ம வண்டிதான்!" என்றார் சல்லடை. சொன்ன வேகத்திலேயே குரல் இறங்கியது. "அப்படின்னா... அந்தப் பழைய மெக்கானிக் மாத்தவே இல்லையே."

"கழுவிட்டுப் புது பேக்கிங் ஒட்டியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார் மெக்கானிக்.

கடிகாரத்தில் அப்படிப் பசை போட்டு எதையும் ஒட்டமாட்டார்கள். அதனால் அதை உரித்துப் பார்க்க அப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

"அந்த மனுஷன் திருடன்கிற பேரோடவே போய்ச் சேந்தாருடா" என்றாள் அக்கா. "அவர் மக வீடு எனக்குத் தெரியும். ரெண்டு தடவை தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். இந்த வண்டியிலதான் போகணும்."

சல்லடை நகப்பூச்சுப் புள்ளிகளை அன்றே துணியால் அழித்தார். கார்புரேட்டரில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தார். மெக்கானிக்கிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: "பேக்கிங்குக்குப் பசை வேண்டாம். சும்மா வைங்க."

அடுத்த வாரம், பச்சை வண்ணத்தில் கார் அந்த வாசலில் போய் நின்றது. கதவைத் திறந்தவள் தலை முழுக்க நரை. அக்காவை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது, காரையும்தான். அக்கா இறங்கி நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "உங்கப்பா சொல்லையும் அப்படித்தான் ஊரே நம்புச்சு. முதல்ல அந்த மூடியைத் தொறந்து காட்டு. பாத்துட்டுத்தான் உள்ள கூப்பிடுவேன்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. சல்லடைக்கோ அவளை அந்த நொடியே பிடித்துப்போனது. பானெட்டைத் தூக்கிவிட்டு, சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.