விடியுமுன் முடிந்த கிளிக்குகள்

உரும்பிராயில் கலியாணச் சமையல் ஓடர் எடுக்கும் யோகக்கா, சுன்னாகத்தில் சமையல் கடை வைத்திருக்கும் செல்வண்ணையிடம் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், என் கணினித் திரையில் கனடாவின் ரொறன்ரோ நகரத்தின் பெயர் வந்து நின்றது. யோகக்காவைச் சுன்னாகத்துக்கு அனுப்பியது நான்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

1. நான் சொன்ன காரணம்

கோப்பாயில் ஒரு சிறிய அலுவலகத்தில் தேடல் விளம்பரம் செய்கிறேன். ஒருவர் இணையத்தில் "கலியாணச் சமையல்" என்று தேடினால் எங்கள் வாடிக்கையாளரின் விளம்பரம் மேலே வரும். பார்ப்பதற்குக் காசில்லை. தொட்டால்தான் காசு, அதுதான் கிளிக். அன்றைக்கென்று வைத்த பட்ஜெட் கிளிக்குகளில் கரைந்துவிட்டால் அடுத்த நாள்வரை விளம்பரம் வராது.

யோகக்கா செல்வண்ணையிடம் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுத் தனியாகத் தொடங்கியவர். ஆவணிக் கலியாணங்களுக்குள் ஓடர் பிடிக்காவிட்டால் திரும்பவும் அவரிடமே போய் வேலை கேட்க வேண்டிய நிலை.

முதல் மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு முன்பே பட்ஜெட் முடிந்துவிட்டது. ஓடர் கேட்டு ஒரு தொலைபேசிக் கோல்கூட வரவில்லை.

"தங்கச்சி, ஊரே நித்திரை கொள்ளுற நேரத்திலை ஆர் உதை அமத்துறது?" என்று யோகக்கா கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனம் விடவில்லை.

"விடியப்புறம் எழும்புறது ஆர் அக்கா? சமையல்காரர்தானே. போட்டிக்காரர் அமத்தி அமத்திக் காசைக் கரைக்கிறது எங்கடை தொழிலிலை நடக்கிறதுதான்."

"அப்ப செல்வண்ணைதான்."

நான் மறுக்கவில்லை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "போட்டியாளர்" என்று அச்சடித்தும் கொடுத்தேன்.

2. சுன்னாகத்தில்

மறுநாள் காலை கோல் வந்தது. "நான் சுன்னாகம் போறன். நாலு பேருக்கு முன்னாலை கேட்டாத்தான் அவருக்கு உறைக்கும்." வைத்துவிட்டார்.

அப்போதுதான் பயம் பிடித்தது. கிளிக்குகள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தன என்று காட்டும், முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடப் பக்கத்தைத் திறந்தேன். ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ. யாழ்ப்பாணம் கடைசியில் கிடந்தது. விளம்பரத்தை ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். அல்லது, எந்த நாட்டில் இருந்தாலும் ஊரில் அக்கறை உள்ள எவருக்கும் காட்டலாம். இரண்டாவது தானாகவே தெரிவாகியிருக்கும். நான் அதை மாற்றவில்லை. இங்கே நள்ளிரவில் புதுப் பட்ஜெட் தொடங்கும்போது கனடாவில் பகல்.

யோகக்கா போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போனேன். பிந்திவிட்டது.

கடை நிறையச் சனம். யோகக்கா என் அறிக்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வண்ணை கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருசம் உன்ரை கையாலை சாப்பிட்டனான் பிள்ளை. நான் உனக்குக் குழி பறிப்பனோ?"

"அக்கா, இவரில்லை," என்றேன். "வெளிநாட்டிலையிருந்துதான் அமத்தியிருக்கினம். பிழை என்ரை."

"வெளிநாட்டிலை எனக்கு ஆர் எதிரி?"

யோகக்காவின் கைபேசியிலேயே பதில் இருந்தது. குடும்பக் குழுவில் ரொறன்ரோவில் இருக்கும் தமையன் எழுதியிருந்தார்: "எங்கடை யோகத்தின்ரை விளம்பரம். எல்லாரும் ஒவ்வொரு நாளும் தேடி அமத்துங்கோ, மேலை வரும்." அதற்குக் கீழே யோகக்காவே கும்பிடும் கை போட்டிருந்தார்.

செல்வண்ணை அறிக்கையை வாங்கி வாசித்தார். "உதை எழுதினது ஆர்?"

"நான்."

"என்னை முந்திக் கண்டிருக்கிறியோ?"

"இல்லை."

அறிக்கையை மடித்து யோகக்காவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

3. பிறகு

ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று இடத் தெரிவை மாற்றினேன். தமையனும் குழுவில் எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். மூன்றாம் நாள் யோகக்காவுக்கு முதலாவது கோல் வந்தது. அந்த ஆவணியில் யோகக்கா நான்கு கலியாணத்துக்குச் சமைத்தார்.

செல்வண்ணையின் மகளின் கலியாணத்துக்கு யோகக்காவுக்கு அழைப்பு வரவில்லை. அன்று என் அலுவலகத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அறிக்கைப் படிவத்தில் காரணம் என்ற இடம் இன்னும் இருக்கிறது. இடப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை அதில் "தெரியாது" என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.