வாசலில் கழற்றிய செருப்பு

என் தங்கையின் பயத்தைத் திருடினேன். திருடியதோடு நிற்காமல் அவளைக் கொன்றும் போட்டேன்... தாளில்தான். ஆனாலும் கொன்றேன்!

நீங்கள் அந்த நாவலைப் படித்திருக்கலாம். முகமூடிக்காரன் ஒருவன் பங்காருபாளையம் மாந்தோப்பில் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் திரைப்படம். அதை நாவலாக்கித் தரச் சொன்னார்கள் படக் கம்பெனிக்காரர்கள். சித்தூரில் ஓர் அறையில் அடைந்துகிடந்து எழுதினேன்.

எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. திரையில் கதவு கிறீச்சிட்டாலே அரங்கமே அலறுகிறது. தாளில் அது வெறும் கதவு. 'ஆ!' என்று எழுதினால் யார் பயப்படுவார்கள்? மூன்றாவதாகச் சாகும் பெண்ணுக்குப் படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஓடுவாள், ஒளிவாள், சாவாள். அவள் மனசுக்குள் நான் எதைக் கொண்டுபோய் வைப்பது?

அப்போதுதான் என் தங்கை கோமதி நினைவுக்கு வந்தாள்.

நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவள். மின்சாரம் போய்த் தறிகள் நின்றிருந்த ஒரு மதியம், புருஷன் அரிவாளோடு வந்தான். நூல் சுற்றிய பாவு உருளைக்குப் பின்னால் பதுங்கித் தப்பினாள். அதை என்னிடம் மட்டுமே சொன்னாள்.

"வாசல்ல செருப்பக் கழட்டி, ஜோடியா ஓரமா வெச்சிட்டுதான்ணா உள்ள வந்தான்... சாமி ரூமுக்கு வர்ற மாரி."

அந்தச் செருப்பை அப்படியே எடுத்து முகமூடிக்காரனுக்கு மாட்டிவிட்டேன்; ஒளிந்திருந்து அதைப் பார்த்த பயத்தை அந்த மூன்றாவது பெண்ணின் மனசுக்குள் வைத்தேன். கோமதியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மறுப்பாள் என்று தெரியாதா எனக்கு? தெரிந்துதானே கேட்கவில்லை!

அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்.

இப்போது திருப்பதியில் தனியாக இருக்கும் கோமதியும் படித்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடிவைத்து மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாம் சரிண்ணா... நான் அன்னிக்குப் பொழச்சிக்கினேன் இல்ல? நீ ஏன் சாவடிச்ச?"

படத்தில் அந்தப் பெண் சாகிறாள், கதையை மாற்றக்கூடாது... என்று உளறினேன். பொய்! எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிழைத்தால் அந்த இடம் சப்பென்று போய்விடும் என்று நானேதான் கொன்றேன். இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி, பழக்கதோஷத்தில் ஜோடியாக ஓரமாக வைத்தேன். நிமிர்ந்தால்... கோமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தபடி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.