மாஸ்டர் போட்ட வெண்கட்டிக் குறி

சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிருங்க அண்ணே, பாதிக் கதையில சிரிச்சா எனக்குக் கோவம் வரும். கமுந்திங் ஃபேக்டரியில ரொம்ப வருசம் நைட் ஷிப்ட் பாத்தவ நான். டாய்லெட்ல யாரோ அழுவுறாங்க, மெஷின் தானா ஓடுதுன்னு பிள்ளைங்க அலறிக்கிட்டு ஓடியாரும், போயி வேலையப் பாருங்கடின்னு வெரட்டி விடுவேன். பேயாவது பிசாசாவது, எதையும் நான் நம்புனதில்ல. இப்ப நம்புறியான்னு கேட்டா ஒன்னுதான் சொல்லுவேன். நன்றி சொல்ல எனக்கு ஒரு ஆளு இருக்காரு, அவரு செத்து ரொம்ப வருசமாச்சு.

எங்க மாஸ்டரத்தான் சொல்றேன். மாஸ்டர்னு இப்பதான் வாயில வருது, முன்ன எல்லாம் அந்தாளுன்னுதான் சொல்லுவேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்க ரப்பர் எஸ்டேட்டுல பொறந்து, வெளிநாடு போயி பாலே டான்ஸ் படிச்சிட்டு வந்து, ஈப்போவுல பெரிய பெரிய மேடையில ஆட்டம் அமைச்சவரு. ஞாயித்துக்கெழம ஆனா எஸ்டேட் டேவான்ல, அதான் மண்டபத்துல, பால்மரம் வெட்டுறவங்க பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுப்பாரு. அந்த டேவானுக்குப் பலகைத் தரை லா. கிளாஸுக்கு முன்னால அவரே வெறுங்காலோட ஒவ்வொரு பலகையா மிதிச்சுப் பாப்பாரு, ஆடுற பலகையில வெண்கட்டியால பெருக்கல் குறி போடுவாரு. அதுல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது.

எங்க கலா அக்காதான் அவருக்கு முதல் டான்ஸர். அப்படி ஒரு ஞாயித்துக்கெழம அக்கா குதிச்சு எறங்குன எடத்துல பலகை ஒடஞ்சு, முட்டி போச்சு. அதோட ஆட்டம் முடிஞ்சுது. இன்னைக்கும் படி ஏறணும்னா அவளுக்குக் கைப்பிடி வேணும்.

அன்னைக்கு அந்தப் பலகையில குறி இருந்துச்சா இல்லியான்னு யாருக்கும் தெரியல. நல்ல மழை, தகரக் கூரை ஒழுகி தரை பூரா தண்ணி. எங்கப்பா அவர ஆஸ்பத்திரி வாசலோட வெரட்டிட்டாரு, மாஸ்டரும் சாவுற வரைக்கும் அதப் பத்தி வாயத் தொறக்கல. அக்கா மனசுல மட்டும் அது ஆறவே இல்ல. ஒரு தடவ எங்கிட்ட கேட்டா, "குறி போட மறந்துட்டாருன்னா, நான் அவருக்கு அவ்ளோதானாடி?"

இப்படி இருக்கையிலதான் கோலாலம்பூர்லேர்ந்து ஒரு தம்பி மாஸ்டரப் பத்தி டாக்குமெண்டரி எடுக்க வந்தான். அவரு பெரிய கலைஞரா, இல்ல பேருக்கு ஆசப்பட்டு பிள்ளைங்க ஒடம்பப் பாழாக்குனவரான்னு கேக்குற படம். டிரெய்லர் வந்ததும் அவருகிட்ட படிச்சவங்கல்லாம் ஃபேஸ்புக்குல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஒரே நாறல். நான் படத்துப் பக்கம்தான், ஒளிக்க என்ன இருக்கு. அக்கா வந்து கேமரா முன்னால பேசணும்னு நச்சரிச்சு இழுத்துக்கிட்டுப் போனதே நான்தான்.

என் மக திவ்யா ஈப்போவுல பாலே படிக்கிறா. சின்ன வயசு அக்காவா அவள ஆட வச்சு அதே டேவான்ல எடுக்கலாம்னாங்க. பயப்படாதீங்க அக்கா, பழைய பலகையெல்லாம் பேத்துட்டு நேத்துத்தான் புதுசு போட்டோம்னு அந்தத் தம்பி சொன்னான். நானும் வாசப்பக்கம் நாலு பலகைய மிதிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் மழ புடிச்சுக்கிச்சு. கூரை பழையபடி ஒழுகுது. பாட்டு போட்டாங்க, திவ்யா அந்தக் கோடியிலேர்ந்து ஓடி வாரா. ஓரமா நாற்காலியில இருந்த அக்கா, கைப்பிடி இல்லாம ஒக்காந்து எழும்ப மாட்டாதவ, சடார்னு எழுந்து நின்னு, "குறி இருக்கு! திவ்யா, குறி இருக்கு!"ன்னு கத்துனா. பாத்தேன் அண்ணே. நேத்துப் போட்ட புதுப் பலகையில வெள்ள வெளேர்னு பெருக்கல் குறி. கூரைத் தண்ணி அதுமேல சொட்டு சொட்டா விழுது, கொஞ்சங்கூடக் கரையல. நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க. திவ்யா அதுக்கு ஒரு எட்டு முன்னால அப்படியே நின்னுட்டா.

டைரக்டர் தம்பிக்கு எரிச்சல். "என்னக்கா, எங்க குறி? ஒன்னையும் காணோமே"ன்னு வந்து, லைட்டு ஸ்டாண்டத் தூக்கி அந்தப் பலகையில டொக்குன்னு ஊனுனான். பலகையும் ஸ்டாண்டும் சேந்து கீழ போச்சு. அலாமா! எட்டிப் பாத்தா பலகை புதுசு, தாங்குற சட்டம் பூரா செல்லரிச்சுக் கெடக்கு, அதுக்கும் கீழ பழைய ரப்பர் மெஷின் இரும்பு நட்டமா நிக்குது. என் பிள்ள அதுல குதிச்சிருந்தா, நேரா அந்த இரும்பு மேலதான்.

அக்கா அப்படியே தரையில ஒக்காந்துட்டா. "மறக்கலடி, அவரு மறக்கவே இல்ல"ன்னு தேம்பித் தேம்பி அழுதா. அத்தன வருசத்துல அவ அப்படி அழுது நான் பாத்ததில்ல. அழுது முடிச்சு மூஞ்சக் கழுவிட்டு, கேமரா முன்னால போயி ஒக்காந்தா. "அன்னைக்கும் குறி போட்டிருப்பாரு, மழ அழிச்சிருக்கும். எனக்கு அவரு மேல கோவம் இல்ல"ன்னு சொன்னா. படம் வந்ததும் அதுக்கும் திட்டு வாங்குனா, காசு வாங்கிட்டுப் பேசுறான்னு கூட எழுதுனானுங்க. எழுதட்டும் லா. எங்கக்கா இப்ப நல்லாத் தூங்குறா, எனக்கு அது போதும். மாஸ்டர் பேருக்கு மாசா மாசம் கோயில்ல வெளக்கு ஏத்துறேன், இந்த நான்!

எடுத்த வீடியோவ எத்தனையோ தடவ போட்டுப் பாத்தாச்சு, குறியே இல்ல அதுல. சரி, அக்காவும் நானும் மனசு கலங்கி என்னமோ பாத்தோம்னே வச்சுக்குங்க. அன்னைக்குக் காருல வீட்டுக்கு வரும்போது திவ்யா பின்னாலேர்ந்து கேட்டா, "பெரியம்மா கத்துனது பாட்டு சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்லம்மா. நல்லவேள நீங்க வந்து தோளப் புடிச்சு நிறுத்துனீங்க. ஏம்மா ஒங்க கை அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு?"

மழயில நின்னேன்ல, அதான்னு சொல்லிட்டேன். இன்னை வரைக்கும் அவ அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கா. நான் அந்நேரம் கேமரா பக்கத்துல, அது நனையாம கொடை புடிச்சுக்கிட்டு நின்னேன் அண்ணே. ரெண்டு கையாலயும்.