அக்கா கீறிய இருபத்தேழு படங்கள்

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாட்களாகின்றன. அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன். அக்காவின் நற்குணங்களை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்லிவிடவே பேனாவை எடுத்தேன்.

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே, நானாட்டானுக்கு அண்மித்த எங்கள் சிற்றூரில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதானபோது ஐயா, எங்கள் தகப்பனார், வயலில் பாம்பு தீண்டி இறந்தார். அம்மா கூலிக்கு நெல் அரிவு வெட்டப் போய் எங்களைப் படிப்பித்தார். அக்கா ஆசிரியையாகி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்தபோது அங்கே முதலாம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரை எட்டு வகுப்புகள் இருந்தன, ஆசிரியர்களோ அக்காவோடு மூவர். சண்டை மூண்டதும் ஒருவர் மாற்றம் பெற்றுப் போனார். இன்னொருவர் படகேறி இந்தியாவுக்குப் போனார். எஞ்சியவர் அக்கா மட்டும்.

அதனால்தான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. எட்டு ஆண்டுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் பாடம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பார். உரப்பையைக் கண்டால் சின்னவர்களுக்கு எழுத்து, நடுவில் உள்ளவர்களுக்கு நிறுவை, பெரியவர்களுக்கு விஞ்ஞானம் என்று பிரித்துவிடுவார். கறிக்கு வாங்கிய மீனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட, நாங்கள் வெறும் சம்பலோடு சோறு தின்ற நாளும் உண்டு. "உனக்குக் கலியாணம் முடிச்சு வைச்சால் மனுசனையும் பாடமாக்கிப்போடுவாய்" என்று அம்மா ஏசுவார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சந்தியில் மணல்மூட்டை அடுக்கி இராணுவக் காவலரண், ஊர் வாயில் 'சென்றி', எழுந்திருந்த காலம் அது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அதைக் கடக்கப் போனவர்களில் சிலர் வீடு வந்து சேரவேயில்லை. அந்தப் பக்கம் நிமிர்ந்து பாராமல் நடக்க ஊரே பழகியிருந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை என்பதுதான் எங்கள் கெடுகாலம்.

ஒரு கிழமை அவர் எட்டு ஆண்டுக்கும் கொடுத்த பாடம் ஊரின் வரைபடம். சின்னவர்கள் மரங்களை எண்ணிக் கீற வேண்டும். நடுவில் உள்ளவர்கள் காலடியால் தூரம் அளந்து கீற வேண்டும். பெரியவர்கள் அளவுத்திட்டப்படி கீற வேண்டும். பிள்ளைகள் இருபத்தேழு பேரும், ஆளுக்கொரு படமாக, சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து காவலரணுக்கு எத்தனை காலடி, எத்தனை மூட்டை, அதன் வாசல் எந்தப் பக்கம் என்று ஒன்றும் விடவில்லை. அக்கா சிவப்பு மையால் திருத்தி, 'அளவு சரி, நன்று' என்றும் எழுதினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவர் கண்ணில் பட்டது அளவு மட்டும்தான்.

மன்னாரில் ஆசிரியர்கள் கூடித் தத்தம் பாட யோசனைகளைக் காட்டும் கூட்டம் ஒன்று வந்தது. இருபத்தேழு படங்களையும் சுருட்டிக்கொண்டு அக்கா பஸ் ஏறினார். தட்டச்சு வகுப்புக்காக நானும் கூடப் போனேன். பாலத்தடிச் சோதனைச் சாவடிக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஆசைப்பட்டு ஒரு படத்தை வாங்கிப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த அவர் வாய் நின்றுவிட்டது.

"ரீச்சர், இதில சென்றி கிடக்குது. மூட்டைக் கணக்கும் கிடக்குது. என்ன வேலை பாத்தனீங்கள்?"

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பிள்ளையின் முழுப்பெயரும் ஆண்டும் இருந்தன. பெயரில்லாத தாளைத் திருத்த மாட்டேன் என்பது அக்காவே போட்ட சட்டம். படங்களைப் பஸ்ஸில் விட்டால் அத்தனை பேரையும் இறக்கி விசாரிப்பார்கள். வெளியே எறியவும் வழியில்லை; வரிசையோரம் சிப்பாய்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"படம் என்னோட வரட்டும். பிள்ளையளின்ர பேர் வரக்கூடாது" என்று சொல்லி அக்கா மூலைகளைக் கிழிக்கத் தொடங்கினார்.

"இஞ்ச தாங்கோ" என்று அந்தப் பெண் அவற்றை வாங்கி வெற்றிலைக்குள் மடித்து மென்றார். எனக்கும் தந்தார். நான் பயத்தில் மெல்லாமலே விழுங்கினேன். அக்கா என் காதில், "நீ என்னைத் தெரியாத ஆள். திரும்பிப் பாராமல் போ" என்றார். போனேன். சாவடியில் அக்காவை மறித்து வைத்துக்கொண்டார்கள்; நான் நடந்துகொண்டே இருந்தேன். அது இன்றும் என்னைச் சுடுகிறது.

பதினொரு நாட்கள் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மா அடுப்பு மூட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் அக்கா தனியே நடந்து வந்தார். நடந்ததை எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

"ஆர் கீறினதெண்டு கேட்டாங்கள். நான்தான் எண்டன். எந்த ஆண்டுப் பிள்ளை எப்பிடிக் கீறுமெண்டு மற்ற ரீச்சர்மாருக்குக் காட்டக் கீறினனான் எண்டு சொன்னன். மூலையை எலி கடிச்சதெண்டன். அப்ப எங்களுக்கு முன்னால கீறு எண்டு தாளைத் தந்தாங்கள்."

பழைய படங்களைப் பார்க்க விடவில்லை; அக்கா நினைவிலிருந்தே கீறினார். எந்தப் பிள்ளை வீட்டைக் கூரையிலிருந்து தொடங்கும், எது பனையை வீட்டிலும் சிறிதாகப் போடும், யாருடைய கோடு வலப்பக்கம் சாயும் என்பதெல்லாம் வருடக்கணக்காகத் திருத்திய கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு படம் பிசகியிருந்தாலும் பிள்ளைகளைத் தேடி ஊருக்குள் இறங்கியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் பழைய படத்தோடு வைத்துப் பார்த்து, இருபத்தேழாவதும் ஒத்த பிறகே விட்டார்கள். கீறாத நேரங்களில் என்ன நடந்தது என்பதை அக்கா சொல்லவில்லை. அவருடைய இடக்கையின் இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவேயில்லை.

அடுத்த கிழமையே பள்ளிக்கூடம் போனார். "எங்கட படம் எங்க ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "துலைஞ்சு போச்சு" என்றார். ஒரு சொல் பிள்ளை வாயிலிருந்து நழுவிச் சந்திவரை போனால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. சண்டை ஓய்ந்த பிறகும் சொல்லவில்லை. "பிள்ளையள் தங்களாலதான் எண்டு நினைச்சு நோகுங்கள், விடு" என்றார். நெஞ்சுநோயோடு ஆசுபத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் அதையே சொன்னார்.

அக்காவைக் கண்ணாகப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை முன்னின்று நடத்திய அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட அந்த வெற்றிலைக்காரப் பெண்மணிக்கும், எங்கிருந்தாலும், எங்கள் நன்றி.

பாடையைச் சுமந்தவர்கள் அவரிடம் படித்தவர்கள். அவர்களில் ஒருவர், இன்று பிள்ளைகுட்டிக்காரர், முற்றத்தில் என்னிடம், "என்ர படத்தைத் துலைச்சிட்டாவெண்டு ரீச்சரோட ஒரு வருசம் கதைக்கேல்லை, அன்ரி" என்று சொல்லி அழுதார். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று அக்காவின் சொல்லை மீறுகிறேன், அவர் பொறுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளே, அக்கா உங்கள் படங்களைத் தொலைக்கவில்லை. அத்தனையையும் பாராமல் கீறித்தான் உயிரோடு வீடு வந்தார்.